வலிக்காத கால்

வீட்டுக்குள் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் அன்னமேரி நினைத்தாள். புளிக்காலத்தில் கல்லாத்துக் கொட்டாயில் எலிக்குப் பஞ்சமில்லை. உடைத்த புளி, உடைக்காத புளி, கொட்டை என்று எல்லார் வீட்டிலும் கூடத்திலேயே குவிந்துகிடக்கும்; மனிதர்கள் ஓரமாக ஒதுங்கிப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவள் மூட்டைகளைப் புரட்டினாள். பரண்மேல் ஏறிப் பழைய சாமைப் பானைகளை இறக்கினாள். அடுப்படிச் சந்தில் துடைப்பக்கட்டையை விட்டுத் துழாவினாள். எலிப் புழுக்கைதான் வந்தது, எலி வரவில்லை. பினாயில் ஊற்றிக் கழுவியதும் நாற்றம் போனமாதிரி இருந்தது. சாயங்காலம் அவள் புருஷன் அமலநாதன் மரத்திலிருந்து இறங்கி வந்து களித்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். நாற்றமும் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் அவன் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தான். வீடு சுத்தமாக இருந்தது, வாசல் நாறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கட்டிய புருஷனிடம் போய், உன்மேல் பிணவாடை அடிக்கிறது என்று எப்படிச் சொல்லுவது? அதிலும் ஒரு வருஷமாக அந்த வீட்டில் சோறு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதற்குமேல் பேச்சே கிடையாது.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற சாலையில், வளைவுகள் முடிகிற இடத்தில் இருக்கிறது கொட்டாய். கொஞ்சம் வீடுகள், ஒரு மாதா கோயில், வீடுகளைவிட அதிகமாகப் புளியமரங்கள். போன வருஷம் இதே புளிக்காலத்தில்தான் அவர்களுடைய ஒரே மகன் ஆபேல் அந்தச் சாலையில் செத்தான். மறுநாள் புளி வியாபாரி வருவதாக இருந்தது. கட்டக் கோணி போதவில்லை. கோடை மழை பிடித்துக்கொண்டது. காலையில் போய் வாங்கி வருகிறேன் என்றான் பையன். இப்போதே போ என்று விரட்டினான் அமலநாதன். கோணிக்கட்டோடு திரும்பி வரும்போது வளைவில் பைக் சறுக்கிவிட்டது. கட்டு பிரியாமல் சாலையிலேயே கிடந்தது. பையன்தான் பள்ளத்தில் கிடந்தான்.

அமலநாதன் அழவில்லை. குழியில் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தவன், துக்கத்துக்கு வந்த சனம் கலைவதற்குள் புளி உலுக்குகிற அலக்குக் கம்பை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டான். ஊர் அதைத் தைரியம் என்றது. அன்னமேரி கல்நெஞ்சு என்றாள். இரண்டு பேச்சும் அவன் காதுக்கு வந்தன.

அழுகையை எல்லாம் அன்னமேரியின் உடம்பு எடுத்துக்கொண்டது. முதலில் தோள்பட்டை, அப்புறம் முதுகு, அப்புறம் விலாவுக்குக் கீழே என்று வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. புளியை உடைக்கக் கொட்டாப்புளிக் கட்டையை ஓங்கினால் மூச்சு அங்கேயே நின்றுவிடும். ஆலங்காயத்தில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், எல்லாவற்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் இல்லம்மா, மனசுதான் என்றார்.

“மனசுன்னா ஒண்ணும் இல்லயா சார்?” என்று கேட்டாள் அன்னமேரி. அவர் ஒரு கேஸ் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

இந்த வருஷம் சாம்பல் புதனன்று, நெற்றியில் பூசிய சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வந்த அமலநாதன் செருப்பை மாட்டிக்கொள்ளவில்லை. தவக்காலம் முடிகிறவரை வெறுங்காலோடு நடப்பது, வெள்ளிதோறும் ஊருக்குப் பின்னாலிருக்கும் சிலுவைப்பாறையில் ஏறுவது, பெரிய வெள்ளியன்று மரச்சிலுவையைத் தானே சுமப்பது என்று நேர்ச்சை. கொட்டாயில் தவக்காலத்துக்கு நேர்ச்சை செய்யாத ஆள் இல்லை. பீடியை விடுவார்கள், கறியை விடுவார்கள், ஈஸ்டரன்று விட்டதையெல்லாம் வட்டியோடு பிடித்துக்கொள்வார்கள். செருப்பை விடுகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் வெயிலில் குதித்துக் குதித்து ஓடுவார்கள். அமலநாதனுக்குச் சுடவே இல்லை.

புளி காயப்போடும் பாறை பங்குனி வெயிலில் அடுப்புக்கல் மாதிரி இருக்கும். பெண்கள் காலில் பழங்கோணியைச் சுற்றிக்கொண்டுதான் புளியைக் கிளறிவிடுவார்கள். அவன் அதன்மேல் நிதானமாக, புளியைத் தள்ளிக்கொண்டே நடந்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒருநாள் காரை முள் காலில் ஏறியிருக்க, அதோடு கோயில்வரை நடந்து வந்தான். உபதேசியார்தான் பார்த்து நிறுத்திப் பிடுங்கினார். முள் இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை. சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லிவைப்பவர் உபதேசியார். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷனுக்கு ஆண்டவர் காட்டிய இரக்கம் இது, அவன் வலியைத் தாமே வாங்கிக்கொண்டார் என்று அவர் கோயிலிலேயே சொன்னார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, தலையில் கைவைத்து ஜெபம் பண்ணச் சொன்னாள் ஒருத்தி.

சில வருஷங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்த முகாமில் அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை தீர்ந்ததும் சர்க்கரையும் தீர்ந்துவிட்டதாக அவன் எடுத்துக்கொண்டான். அது இப்போது யார் நினைவிலும் இல்லை.

குருத்தோலை ஞாயிறு கழிந்து புளி வியாபாரி பாஷா மினி லாரியோடு வந்தான். வாணியம்பாடிக்காரன், அப்பன் காலத்திலிருந்தே இந்த மலையில் புளி எடுக்கிறவன். எதிர்ச்சரிவில் காடு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க ஆளில்லை, புகை பகலெல்லாம் கொட்டாய்மேல் கவிந்துகிடந்தது, மூக்கில் வேறெதுவும் ஏறாது. அந்தப் புகையையும் மீறி, மூட்டை தூக்கிக்கொண்டு தன்னைத் தாண்டிப்போன அமலநாதனைப் பாஷாவின் மூக்கு பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தான். வலது காலில் துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தது. ஈ மொய்த்தது.

“அண்ணே, கால்ல இன்னா கட்டு?”

“முள்ளு.”

“வலிக்குதா?”

“இல்ல.”

“கொஞ்சங்கூட?”

“அதான் இல்லன்றனே.”

பெருமையாகச் சொல்லவில்லை, கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவனாகச் சொன்னான். பாஷா தராசுக்குத் திரும்பினான். எடை போட்டு முடித்ததும், மரத்தடியில் புளி உடைத்துக்கொண்டிருந்த அன்னமேரியிடம் போய்த் தண்ணீர் கேட்டான்.

“அக்கா, அண்ணன் கால நீ பாத்தியா?”

காட்டினால்தானே என்றாள் அவள்.

“எங்க அத்தாவுக்கும் இப்டித்தான், சக்கர. தோல் ஷாப்புல தண்ணியிலயே நின்னுக்கினு இருந்தாரு. கால்ல ஓட்ட உழுந்துது. வலிச்சிருந்தா தூக்கிக்கினு ஓடியிருப்போம். வலிக்கலன்னாரு, நாங்களும் கம்னு இருந்துட்டோம். வலிக்காததுதாங்க்கா பயம்.”

“அப்பறம் இன்னா ஆச்சு?”

“கால எடுக்கறதுக்குள்ள மௌத்தாய்ட்டாரு.” பாஷா சொம்பைக் கீழே வைத்தான். “வெள்ளிக்கெழம தொழுதுட்டு மிச்ச லோடு ஏத்த வருவேன். வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம். நீ சொல்லி வெய்யி.”

அன்று சாயங்காலம் ஒருசந்தி. ஒருவேளைச் சாப்பாடுதான், சாமைச்சோறும் கொள்ளு ரசமும். தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“கால காட்டு.”

“சாப்ட உடு மே.”

“காட்டிட்டுச் சாப்டு.”

அவள் குரலில் இருந்தது கோபமில்லை, பயம். அவன் காலை நீட்டினான். துணி மூன்று சுற்றுக்குமேல் பிரியவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தாள். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு குழி. விளிம்பு ஊறி வெளுத்திருந்தது, உள்ளே கறுப்பு. புறங்காலில் சிவப்பு கணுக்கால் தாண்டி ஏறியிருந்தது. குழிக்குள் சுண்டுவிரலை வைத்தாள். உள்ளே போயிற்று. அவன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சோறு பிசைந்துகொண்டிருந்தான். அவள் தொட்டதே அவனுக்குத் தெரியவில்லை.

“இது ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும். தெனம் மஞ்சா வெச்சிக் கட்டிக்கினுதான் வர்றேன்.”

“தெரிஞ்சும் வாயத் தொறக்கலியா? ஆண்டவரு வலிய எடுத்துக்கினாருன்னு ஊரே சொல்லுது. நீயும் அத்தயே புடிச்சிக்கினியா?”

அவன் கையைத் தட்டிலேயே உதறிவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு பேசினான். ஒரு வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

“அவங்க சொல்றாங்க. எதுக்கோசரம் செருப்ப உட்டேன்னு எவனாவது கேட்டானா? புள்ளய நான்தான் மழையில தொரத்தனேன். காலைல போறேன்னான், கேக்கல. அவன மண்ணுல வெக்கும்போது எனக்கு ஒண்ணுமே வர்ல மேரி. அழுவயும் வர்ல, நெஞ்சுல ஒரு அடைப்புகூட இல்ல. நீ ராவெல்லாம் மொனகுற. நான் பக்கத்துல கட்டயாட்டம் கெடக்கறேன். எங்கியாவது ஒரு எடத்துல வலிக்கட்டும்னுதான் பாறைல ஏறனேன். அதுவும் வர்ல. ஆண்டவரு எங்கிட்டருந்து எதயும் எடுத்துக்கல. எனக்குக் குடுக்கவே மாட்டேன்றாரு.”

அன்னமேரி பிரித்த துணியைக் கையிலேயே வைத்திருந்தாள். கல்நெஞ்சு, கல்நெஞ்சு என்று ஒரு வருஷமாக அவள் மனசுக்குள் திட்டித் தீர்த்த ஆள் இதை வைத்துக்கொண்டா பக்கத்தில் படுத்திருந்தான்? பாவமாக இருந்தது. ஆனாலும் மழையில் பிள்ளையை விரட்டியவன் அவன்தான் என்பதும் அவளுக்குள் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் வலித்தன.

“பொழுது விடிஞ்சதும் வேலூருக்குப் போலாம்.”

“வெள்ளிக்கெழம சிலுவ தூக்கிட்டு வர்றேன்.”

“அதுக்குள்ள ஒனக்கு எதுனா ஆய்ட்டா?”

அவன் அந்தத் துணியை வாங்கிக் காலில் மறுபடி சுற்றிக்கொண்டான். அவன் சுற்றிய நிதானத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏதாவது ஆனால் ஆகட்டும் என்றுதான் அவன் நினைக்கிறான்.

மறுநாள் உபதேசியார் வீட்டுக்குப் போனாள். கால் அழுகுகிறது, நீங்கள் சொன்னால் கேட்பான், சிலுவையை வேறு ஆள் சுமக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். புனிதர்கள் பட்ட காயங்களைப் பற்றி நிறையச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நேர்ச்சைய பாதில உட்டா நல்லதில்லம்மா. ஏற்கெனவே ஒரு அடி பாத்துட்ட வூடு” என்றார். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே பயந்துதான் சொன்னார். அந்தப் பயம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று. இன்னும் எடுத்துக்கொள்ள இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். இருந்தான், அவன் ஒருத்தன். வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

பெரிய வெள்ளியன்று காலையிலிருந்தே அமலநாதனுக்குக் குளிர். வெயில் கொளுத்தும்போது போர்வை கேட்டான். கஞ்சி வாய்க்குப் போகவில்லை. கண் சிவந்து, பேச்சு கொஞ்சம் குழறியது. ஆனால் மணி அடித்ததும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். காலிலிருந்த கட்டுத் துணியை அவனே அவிழ்த்துப் போட்டான். வெறுங்கால் என்றால் வெறுங்கால்தானாம்.

புளியங்கட்டையில் செய்த சிலுவை அது. திடகாத்திரமான ஆளே பாதிப் பாறையில் தோள் மாற்றுவான். அவன் மாற்றவில்லை. சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலம், ஒவ்வொன்றிலும் மண்டியிட்டு எழுந்து ஏறினான். பின்னால் சனம் பாடிக்கொண்டு வந்தது. எதிர்ச்சரிவுப் புகை பாறைக்கு இறங்கிவிட்டிருந்ததால் இருமலும் பாட்டும் கலந்து வந்தன. அன்னமேரி பெண்களோடு நடந்தாள். பார்வையை அவன் காலைவிட்டு எடுக்கவில்லை. ஏறிய வழியெல்லாம் பாறையில் ஈரத்தடம் பதிந்திருந்தது. ரத்தம் கொஞ்சம், மற்றது வேறு. சனம் அந்தத் தடத்தை மிதிக்காமல் விலகி நடந்தது. ஈக்கள் விலகவில்லை.

ஒன்பதாம் ஸ்தலம் தாண்டியபோது அவளுக்கு முன்னால் போன ஒரு கிழவி குனிந்தாள். பாறைமேலிருந்த ஈரத்தை விரலால் தொட்டாள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்னமேரிக்கு நேற்று வரை இருந்த பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏறி, அவனுக்கு முன்னால் போய் நின்று, சிலுவையின் குறுக்குக்கட்டையைப் பிடித்தாள். பாட்டு நின்றுவிட்டது.

“எறக்கி வை.”

“மேரி, தள்ளிக்க.”

“அம்மா, பாதில நிறுத்தக்கூடாது” என்றார் உபதேசியார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “ஒனக்கு வலிக்கல. சரி. எனக்கு வலிக்குது. நீ வெக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் எனக்கு வலிக்குது. ஒரு வருசமா ஒரு குழிய பாத்துக்கினு கெடக்கறேன். இன்னொண்ணு பாக்க என்னால ஆவாது. எறக்கி வைய்யா.”

அவன் அவளைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, தோளைச் சாய்த்தான். பாரம் முழுக்க அவள்மேல் இறங்கியது. அந்தத் தோள்பட்டையில்தான் ஸ்கேனில் தெரியாத வலி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிலுவையைப் பாறைமேல் சாய்த்தாள். அவள் நிமிர்வதற்குள் அவன் அதன்மேலேயே சுருண்டு விழுந்துவிட்டான்.

புளிக்கோணியில் போட்டு நாலுபேர் பிடித்துக் கீழே இறக்கினார்கள். அப்போது மட்டும் எல்லாரும் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டார்கள். பாஷாவின் வண்டி கோயில் முன்னால் நின்றது. பாதி ஏற்றிய மூட்டைகள்மேலேயே அவனைக் கிடத்தினார்கள். வண்டி வளைவுகளில் இறங்கும்போது அன்னமேரி ஒரு வளைவில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். பாஷா அந்த இடத்தில் ஹாரன் அடிக்காமல் ஓட்டினான்.

வேலூரில் ஒரு இளம் டாக்டரம்மா காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே உடனே எடுக்க வேண்டும், எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது, விஷம் மேலே ஏறியிருக்கிறது என்றார். ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று அவர் கேட்டதற்கு அன்னமேரிக்குச் சொல்ல ஒரு பதில்தான் இருந்தது. “வலிக்கலன்னாரு மேடம்.” டாக்டரம்மா திட்டவில்லை. சர்க்கரை முதலில் நரம்பைத்தான் கொல்லும், வலி போன பிறகுதான் கால் போகும், இப்படி வருகிறவர்கள் நிறையப்பேர் என்றார். ஆண்டவரும் இல்லை, கல்நெஞ்சும் இல்லை, நரம்பு. அன்னமேரி அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவன் தட்டின் முன்னால் சொன்னதை நரம்பு என்று சொல்லி அவளால் முடித்துவிட முடியவில்லை.

காலை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கவும் இல்லை, முன்போல ஏறவும் இல்லை. டாக்டரம்மா தொடையில் பேனாவால் கோடு போட்டு, சிவப்பு இதைத் தாண்டினால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்னமேரி கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாஷா பிரெட்டும் டீயும் வாங்கிக்கொடுத்துவிட்டு லோடு இறக்கப் போனான். அமலநாதன் பெரும்பாலும் தூங்கினான். விழித்தால் விட்டத்தைப் பார்த்தான். கால் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கும் ஒன்றுமில்லையா இவனுக்கு என்று அவளுக்குத் திக்கென்றது.

ஒரு மத்தியானம் அவன் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு எழ முயன்றான். முகமெல்லாம் வேர்வை.

“மேரி. கால் வலிக்குது.”

அவள் பதறி இடது காலைத் தொட்டாள்.

“இது இல்ல. அது. கட்ட வெரல்ல. யாரோ புடிச்சி முறுக்கறாங்க.”

அவள் போர்வையைப் பார்த்தாள். வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே அது தட்டையாகத்தான் கிடந்தது. ஓடிப்போய் நர்சைக் கூட்டி வந்தாள். காலை எடுத்தவர்களுக்கு அப்படி வரும், ஊசி போடலாம், டாக்டர் வரட்டும் என்று சொல்லிவிட்டு நர்சு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

“அதான் இல்லியே மே. இல்லாத கால் எப்டி வலிக்கும்?” அவன் குழந்தை மாதிரி பயந்துபோயிருந்தான். வாய் கோணிக்கொண்டது. “எப்டி மே இப்டி வலிக்குது?”

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. சத்தம் முதலில் வரவில்லை, நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்தது. நடுவில் பையன் பேரைச் சொன்னான். காலைல போறேன்னானே, காலைல போறேன்னானே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

“அப்டித்தான்யா வலிக்கும்” என்றாள் அன்னமேரி. “எனக்கு அப்டித்தான் வலிச்சிக்கினு இருக்குது.”

கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள்.

“இங்கியா?”

“இன்னும் கீழ.”

அவள் கையைக் கீழே நகர்த்தினாள்.